பல்லில் கறை, நோட்டில் கணக்கு

எங்க தர்மபுரி மாவட்டத்துக்காரன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனா, ஊர் பேர் சொல்லாமலேயே சில பேரைக் கண்டுபிடிச்சுடுவாங்க. சிரிச்சாப் போதும். முன்பல்லில் பழுப்பா ஒரு பட்டை தெரியும். என் பல்லிலும் இருக்கு. வெத்தலைக் கறையா, பீடிக் கறையான்னு கேட்டவங்க உண்டு. ரெண்டும் கிடையாது. சின்ன வயசுல குடிச்ச தண்ணி வெச்ச கறை அது. தண்ணியில் ஃபுளோரைடு அதிகம் இருக்கிற ஊர்களில் பிறந்த பிள்ளைங்களுக்கு, ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே அது படிஞ்சுடும். என்ன பல்பொடி போட்டுத் தேய்ச்சாலும் போகாது.

இன்னிக்கு எழுதப்போறது பிள்ளைங்க செய்யிற அறிவியல் ஆய்வைப் பத்தி. நீங்க "புராஜெக்ட்"னு சொல்றீங்களே, அதுதான். நகரத்துல இருக்கிற என் சொந்தக்காரங்க வீட்டில் பார்த்திருக்கேன். ராத்திரி பத்து மணிக்கு அப்பா தெர்மாகோல் வெட்டிட்டு இருப்பார், அம்மா பெயிண்ட் அடிச்சுட்டு இருப்பாங்க, பிள்ளை தூங்கிட்டு இருக்கும். காலையில காத்தாலை மாதிரி ஒண்ணு பள்ளிக்கூடத்துக்குப் போகும். அதை நான் குறை சொல்ல வரலை. ஆனா இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்துச்சு, முதல்ல எதுக்காக ஆரம்பிச்சாங்க, ஒரு கிராமத்துக்கு அதனால என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரிஞ்ச அளவு சொல்லணும்னு தோணுச்சு.

முதலில் நொண்டியது மாடு

இந்தியாவில் ஃபுளோரைடு நோயை முதலில் கவனிச்சவங்க டாக்டர்கள் இல்லை, விவசாயிகள். 1930களின் தொடக்கத்தில் தர்சி பக்கத்து ஊர்களில் உழவு மாடுகள் நடக்க முடியாமல் தடுமாற ஆரம்பிச்சது. தர்சி இப்போ ஆந்திராவில் பிரகாசம் மாவட்டத்தில் இருக்கு. அப்போ சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டம். நல்ல வயசு மாடு, தீனிக்குக் குறை இல்லை, ஆனா கால் மூட்டு விறைச்சுப்போய் ஏர் இழுக்க மாட்டேங்குது. ஏர் மாடு படுத்துட்டா குடும்பமே படுத்துடும்ங்கிறது உழுதவனுக்குத் தெரியும். அதனால மாட்டோட நடையை அவன் தினமும் பார்த்துட்டே இருப்பான். முதல்ல அவன் கண்ணில் பட்டதில் ஆச்சரியம் இல்லை.

அப்புறம்தான் மனுஷங்களுக்கும் அதே மாதிரி முதுகு வளையுது, கழுத்து திரும்பலைன்னு தெரிஞ்சது. 1937இல் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி என்ற மூன்று பேர் நெல்லூர் மாவட்டத்து நோயாளிகளைப் பரிசோதித்து, காரணம் குடிதண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு என்று ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். இந்தியாவில் இந்த நோய் ஏட்டில் ஏறியது அப்போதுதான்.

ஃபுளோரைடு யாரும் கொண்டுவந்து கொட்டியது இல்லை. பூமிக்குள்ளே இருக்கிற பாறையிலேயே இருக்கு. தண்ணி அந்தப் பாறையோடு எவ்வளவு காலம் கிடக்குதோ அவ்வளவு கரைச்சுக்கும். நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியிலும் தெரியாது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் பரவாயில்லை, வேற வழியே இல்லைன்னா 1.5 வரைக்கும் குடிக்கலாம்னு இந்தியத் தர அளவு சொல்லுது. அதுக்கு மேல போனா முதல்ல பல், அப்புறம் வருஷக்கணக்கில் எலும்பு.

கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத ஒண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அளந்து பார்த்தாத்தான் உண்டு. இங்கேதான் பள்ளிக்கூடப் பிள்ளைங்க கதைக்குள்ள வர்றாங்க.

கையால படிக்கிற படிப்பு

அதே 1937ஆம் வருஷம் அக்டோபரில் வார்தாவில் காந்தி ஒரு கல்வி மாநாடு கூட்டினார். கைத்தொழில் வழியாகத்தான் பிள்ளைகள் படிக்கணும் என்பது அவர் கட்சி. ஜாகிர் உசேன் தலைமையில் குழு போட்டு ஆதாரக் கல்வித் திட்டம் எழுதினார்கள். அதே வார்தாவில், மகன்வாடியில், நம்ம தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா கிராமத் தொழில் சங்கத்தை நடத்திட்டு இருந்தார். மண்ணெண்ணெய்க்குப் பதிலா தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் விளக்கு, புகையை வெளியே தள்ளும் மகன் சூலா அடுப்பு எல்லாம் அங்கே உருவானவை. கிராமத்துக்கு என்ன எரிபொருள், என்ன தண்ணி என்பதும் அறிவியல்தான், அதை கிராமத்தில் இருந்துகொண்டே ஆராயலாம்னு செஞ்சு காட்டினவர் அவர்.

சுதந்திரத்துக்கு அப்புறம் ஆதாரக் கல்வி மெல்ல மெல்லத் தேய்ஞ்சு போச்சு. நாங்க படிச்ச காலத்தில் ஆய்வுக்கூடம்னு ஒரு ரூம் இருந்துச்சு, பூட்டு போட்டு. சாவி தலைமையாசிரியர்கிட்ட. பத்தாவது வரைக்கும் படிச்சேன், சோதனைக் குழாயைக் கையில் தொட்டது ரெண்டு தடவை. காந்தத்தின் வட துருவம், தென் துருவம் எல்லாம் மனப்பாடம். காந்தத்தைப் பார்த்தது திருவிழாக் கடையில்.

இதை மாத்தணும்னு முதலில் பெரிய அளவில் இறங்கியது மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத் மாவட்டத்தில். 1972இல் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு தொடங்கினார்கள். பெரிய ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகளும் கல்லூரி ஆசிரியர்களும் வந்து உதவி பண்ணாங்க. பிள்ளைங்க நாலு பேர் ஒரு குழு. பாடத்தை வாசிச்சுக் காட்டுறது கிடையாது. சோதனை செய்யணும், பார்த்ததை எழுதணும், விவாதம் பண்ணணும். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வெச்சே எழுதலாம். 1978இல் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982இல் ஏகலவ்யா என்ற அமைப்பு உருவாகி அதை நடத்திச்சு. 30 வருஷம் நடந்த திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திடுச்சு.

தமிழ்நாட்டில் 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடங்கியது. 1987இல் பிள்ளைகளுக்காகத் 'துளிர்' மாத இதழ் வந்துச்சு. எங்க ஊர் வாத்தியார் ஒருத்தர் அதைச் சந்தா கட்டி வாங்கி, ஓரம் கிழியக் கிழியப் பிள்ளைங்களுக்குப் படிக்கக் கொடுப்பார்.

1993இல் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவில் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு ஆரம்பமாச்சு. அதோட விதிதான் எனக்குப் பிடிச்சது. 10 முதல் 17 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க சேரலாம். பள்ளிக்கூடம் போகாத பிள்ளையும் சேரலாம். அந்தக் காலத்தில் ஒரு குழுவுக்கு அஞ்சு பேர் வரைக்கும். மாதிரி பொம்மை செஞ்சு கொண்டுபோற போட்டி இல்லை இது. தன் ஊரில் ஒரு பிரச்சினையை எடுத்துக்கணும், கேள்வி ஒண்ணு கேட்கணும், அளக்கணும், எழுதணும், அதைத் தன் தாய்மொழியில் சொல்லணும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தலைப்பு. 2004, 2005இல் நீர்வளம். 2012, 2013இல் ஆற்றல். இந்த ரெண்டு தலைப்பும் எங்க வீட்டுக்குள்ளேயே வந்துச்சு.

2004: ஊர்க் கிணறெல்லாம் கணக்கில்

நீர்வளத் தலைப்பு வந்தப்போ என் மகளுக்குப் பன்னிரண்டு வயசு. நான் சொன்ன துளிர் வாத்தியார் அஞ்சு பிள்ளைங்களைச் சேர்த்து, ஃபுளோரைடு பார்க்கிற சோதனைப் பெட்டி ஒண்ணு இரவல் வாங்கிட்டு வந்தார். கேள்வி சின்னக் கேள்விதான்: நம்ம ஊரில் எந்தத் தண்ணியைக் குடிக்கலாம்?

சோதனை இப்படி. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணியை அளந்து ஊத்தி, சிவப்பு மருந்து விடணும். ஃபுளோரைடு இல்லைன்னா இளஞ்சிவப்பு அப்படியே நிக்கும். ஏற ஏறச் சிவப்பு வெளுத்து மஞ்சளாகும். பெட்டியோட ஒரு அட்டை, அதில் வரிசையா நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண். மருந்தில் அமிலம் கலந்திருக்கிறதால அதை வாத்தியார்தான் விடுவார். நிறம் பார்க்கிறது பிள்ளைங்க வேலை.

அதுல ஒரு நுணுக்கம் வெச்சிருந்தார். அஞ்சு பேரும் தனித்தனியாப் பார்த்து, ஒருத்தர் எண்ணை இன்னொருத்தர்கிட்ட சொல்லாமல் எழுதணும். அப்புறம்தான் சேர்த்துப் பார்க்கணும். ஒத்து வரலைன்னா மறுபடி சோதனை. கூடவே கிணத்து ஆழம், தோண்டின வருஷம், எத்தனை குடும்பம் குடிக்குது எல்லாம் நோட்டில் ஏறும். ஆழம் பார்க்கிறதுக்கு என் மகள் வீட்டில் இருந்த தாம்புக் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டு எடுத்துட்டுப் போவாள்.

ஆடி முழுக்க அலைஞ்சாங்க. முடிவில் தெரிஞ்சது இதுதான். எங்க ஊரில் திறந்த கிணறுகளில் ஃபுளோரைடு குறைவு. மழைத்தண்ணி இறங்கிச் சேர்றதால இருக்கலாம்னு வாத்தியார் சொன்னார். ஆழமாப் போட்ட போர்களில் அதிகம். இருக்கிறதிலேயே மோசம் காலனித் தெருவோட அடிபம்பு. அட்டையின் கடைசி நிறத்துக்குப் போயிடுச்சு. அந்தத் தெருவுக்கே அது ஒண்ணுதான் குடிதண்ணி. இருக்கிறதிலேயே நல்ல தண்ணி, எங்க பங்காளிக் கிணறு. பெரியப்பாவுக்கும் எங்கப்பாவுக்கும் பொதுவானது.

அக்டோபர் 2 கிராமசபையில் பிள்ளைங்க எழுந்து நின்னு வாசிச்சாங்க. வாத்தியார் ஒரு விஷயத்தை மட்டும் தன் வாயால் சொன்னார். ஏறக்குறைய எட்டு வயசுக்குள்ள, பல் உருவாகிற காலத்தில் குடிக்கிற தண்ணிதான் பல்லில் கறை வைக்கும். இந்த அஞ்சு பேருக்கும் அந்த வயசு தாண்டிடுச்சு, இவங்க பல்லில் இனி மாத்த ஒண்ணும் இல்லை, இது இவங்க தம்பி தங்கச்சிங்களுக்கான கணக்குன்னார். கூட்டத்தில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

மறுநாள் காலனியிலிருந்து நாலு பெண்கள் குடத்தோடு எங்க கிணத்துக்கு வந்தாங்க. பெரியப்பா முடியாதுன்னுட்டார். காரணத்தை அவர் சொல்லலை, சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். வீட்டில் சண்டை. நான் ஒரு பக்கம், அவர் பையன் ஒரு பக்கம். என் மகள்தான் நோட்டைத் தூக்கிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தாத்தா, அந்தத் தெருவுல ஆறு வயசுக்குள்ள பதினோரு பிள்ளைங்க இருக்காங்க. பேர் எழுதியிருக்கேன், படிக்கட்டுமா?"

"நீ போய்ப் படிக்கிற வேலையைப் பாரு பாப்பா" என்றார். ஆனா ஒரு வாரம் கழிச்சு, மோட்டார் ஓடும்போது வரப்போரக் குழாயில் பிடிச்சுக்கட்டும்னு சொல்லி அனுப்பினார். கிணத்துப் படியில் இறங்கக் கூடாது, குழாயில் பிடிச்சுக்கலாம். இது முழு நியாயம் இல்லைன்னு எனக்குத் தெரியும், குடம் எடுத்துட்டு வந்தவங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். மும்முனை மின்சாரம் வர்ற நேரம்தான் தண்ணி நேரம். நடுராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வந்தா ஒரு மணிக்கு வரப்பில் குடம் வரிசையா நிக்கும். வருஷக்கணக்கில் அப்படித்தான் நடந்துச்சு.

அடிபம்பு விஷயமா ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தோம். பிள்ளைங்க விளையாட்டாப் பண்ணதை எல்லாம் கணக்கா எடுத்துக்க முடியாதுன்னாங்க. வாத்தியார் கோபப்படலை. "சரிங்க, அப்ப நீங்களே ஒரு தடவை அளந்து சொல்லுங்க" என்று அதையே மனுவாக எழுதிக் கொடுத்தார். அளக்க மாட்டோம்னு எழுத்தில் பதில் சொல்ல யாராலும் முடியாது இல்லையா? பல மாசம் கழிச்சு மாதிரி எடுத்துட்டுப் போனாங்க. அளவுக்கு மேல் இருக்குன்னு முடிவு வந்துச்சு. பம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிச்சு, குடிக்க உகந்ததல்லன்னு எழுதினாங்க.

2012: சூரியனை அளந்தது

எட்டு வருஷம் கழிச்சு ஆற்றல் தலைப்பு. இப்போ என் மகன் முறை, அவனுக்குப் பதினாலு வயசு. அக்கா எழுதின நோட்டைப் படிச்சுட்டு அவன் கேட்ட கேள்வி: தண்ணியைக் காய்ச்சினா ஃபுளோரைடு போகுமா?

நிறைய பேர் போகும்னுதான் நினைக்கிறாங்க. போகாது. காய்ச்சினா கிருமி சாகும், ஃபுளோரைடு அப்படியே நிக்கும். தண்ணி கொஞ்சம் ஆவியாப் போறதால மிச்சத் தண்ணியில் அளவு கூடத்தான் செய்யும். இவன் விறகைத் தராசில் நிறுத்து வெச்சுப் பார்த்தான். எங்க வீட்டு மண் அடுப்பில் 10 லிட்டர் தண்ணி கொதிக்க ஒன்றே முக்கால் கிலோ விறகு ஆச்சு. அவ்வளவு விறகை எரிச்சும் நாம பயப்படுற சமாச்சாரம் உள்ளேயேதான் இருக்கு.

ஆவியைப் பிடிச்சுக் குளிர வெச்சா அதில் ஃபுளோரைடு வராது. விறகுக்குப் பதிலா வெயிலில் செய்யலாமான்னு யோசிச்சாங்க. பழைய யோசனைதான். தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், லாஸ் சலினாஸ் என்ற பாலைவன ஊரில், 1872இல் சார்லஸ் வில்சன் என்ற பொறியாளர் மரத் தொட்டிகள் மேல் கண்ணாடிக் கூரை போட்டு, சூரிய வெப்பத்தில் உப்புத்தண்ணியை நல்ல தண்ணியாக்கினார். மொத்தம் ஏறக்குறைய 4,700 சதுர மீட்டர் கண்ணாடி. நாளுக்கு 20,000 லிட்டருக்கு மேல் கிடைச்சது. வெடியுப்புச் சுரங்கத்தில் பாரம் இழுத்த கோவேறு கழுதைங்களுக்கு அந்தத் தண்ணி போச்சு.

பையன்கள் செங்கல் வெச்சு அரை சதுர மீட்டருக்குத் தொட்டி கட்டி, உள்ளே கறுப்பு அடிச்சு, பழைய இரும்புக் கடையில் வாங்கின ஜன்னல் கண்ணாடியைச் சாய்வா மூடினாங்க. கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்து, வழிஞ்சு, ஓரத்தில் வெட்டி வெச்ச பிளாஸ்டிக் குழாய் வழியாப் பாட்டிலில் சொட்டும். வெயில் நாளில் ஒரு லிட்டர், சில நாள் கொஞ்சம் கூட. சோதனை மருந்து விட்டா நிறம் அசையலை, இளஞ்சிவப்பு அப்படியே நின்னுச்சு.

ஒரு லிட்டர்தானான்னு அவனுக்கு ஏமாற்றம். அப்போ வாத்தியார் கணக்குப் போடச் சொன்னார். ஒரு லிட்டர் தண்ணியைச் சூடாக்கி ஆவியாக்க ஏறக்குறைய 0.7 யூனிட் வேணும். நீங்க கரண்டு பில் கட்டுறீங்களே, அதே யூனிட்தான். நம்ம பக்கம் நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டரில் விழுற சூரிய சக்தி சுமாரா 5 யூனிட். ஒண்ணும் வீணாகலைன்னாலே 7 லிட்டர்தான் கிடைக்கும். கண்ணாடி வழியாவும் செங்கல் வழியாவும் பாதிக்கு மேல் வெப்பம் போயிடுறதால ரெண்டு, மூணு லிட்டர். அரை சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் வந்தா அது சரியான கணக்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கச் சமைக்க 10 லிட்டர்னா நாலஞ்சு சதுர மீட்டர் கண்ணாடி வேணும். எங்க தெருவில் அதைப் போட யாருக்கு வசதி இருக்கு? மழைக்காலத்தில் என்ன செய்யிறது?

அறிக்கையில் அதையே எழுதினாங்க. இந்தக் கருவி வேலை செய்யுது, ஆனா எங்க ஊருக்குக் கட்டுப்படி ஆகாது, திறந்த கிணறுகளைத் தூர் வாரி மழைத்தண்ணியை உள்ளே விடுறது இதைவிட மலிவுன்னு முடிச்சாங்க. பரிசு கிடைக்கலை. மாவட்ட அளவோட நின்னுடுச்சு. ஆனா அதுக்கு அடுத்த கோடையில் எங்க பங்காளிக் கிணத்தைத் தூர் வாரினோம். அறுபது வருஷக் கிணறு, சேறு மட்டும் பதினஞ்சு டிராக்டர் லோடு.

இப்போ

2008இல் அடிக்கல் போட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனுதவியோட, 2013இல் பயன்பாட்டுக்கு வந்துச்சு. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணி. ஃபுளோரைடை ஒழிக்கத்தான் அந்தத் திட்டமே. எங்க பிள்ளைங்க நோட்டைப் பார்த்துட்டுத் திட்டம் போட்டாங்கன்னு சொன்னா அது பொய். எத்தனையோ பேர் எத்தனையோ வருஷம் கேட்டதுக்கு வந்தது. ஆனா தண்ணி வந்த அன்னிக்கு, எதுக்காக இதைக் குடிக்கணும்னு எங்க ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கலை. குழாய்த் தண்ணி சப்புன்னு இருக்கு, போர்த் தண்ணிதான் ருசின்னு பக்கத்து ஊர்களில் பழைய பம்புக்கே போனவங்க இருக்காங்க. எங்க காலனித் தெருவில் அப்படிப் போகலை.

குழாயில் தண்ணி வராத நாட்கள் இப்பவும் உண்டு. அன்னிக்குப் பழையபடி போர்தான். அந்தப் போர்களும் வருஷா வருஷம் இன்னும் ஆழமாப் போயிட்டு இருக்கு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு அஞ்சு பெண்களுக்குத் தண்ணி பரிசோதிக்கப் பயிற்சி கொடுக்கணும்னு வெச்சிருக்காங்க. எங்க ஊரில் அந்த அஞ்சு பேரில் ஒருத்தி, 2004இல் என் மகளோட சேர்ந்து நிறம் பார்த்த பொண்ணு. காலனித் தெருக்காரி. இப்போ அவளுக்கு ரெண்டு பிள்ளைங்க.

போன மாசம் அவள் எங்க வீட்டுக்கு வந்து அந்தப் பழைய நோட்டைக் கேட்டாள். போர் ஆழமாக ஆழமாக ஃபுளோரைடு ஏறுதா இல்லையான்னு பார்க்கணும்னா, இருபது வருஷத்துக்கு முந்தின அளவு வேணும். எங்க ஊருக்கு அந்த அளவு எழுதி வெச்ச இடம் அந்த நாற்பது பக்க நோட்டு ஒண்ணுதான். பரண் மேல் சாக்கில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். ஓரத்தைக் கரையான் கொஞ்சம் தின்னிருக்கு, எண்ணெல்லாம் தெளிவா இருக்கு. இந்த வருஷம் எட்டாவது படிக்கிற பிள்ளைங்க நாலு பேரைச் சேர்த்துக்கிட்டு, அதே கிணறுகள், அதே வரிசையில், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போயிட்டு இருக்காள். கிணத்து ஆழம் பார்க்க எங்க வீட்டுத் தாம்புக் கயிறு பத்தாதுன்னு அவளே புதுசா ஒண்ணு வாங்கியிருக்காள்.